ஜூலியா மார்கரெட் கேமரன்

ஜூலியா மார்கரெட் கேமரன் (ஜூன் 11, 1815 - ஜனவரி 26, 1879) 19 ஆம் நூற்றாண்டின் முக்கியமான ஒளிப்படக் கலைஞர்களுள் ஒருவர். கல்கத்தாவில் பிறந்த இந்த ஆங்கிலேயப் பெண்மணி தமது 48 ஆவது வயதிலேயே முதன்முதலாக ஒளிப்படக்கருவியைக் கையில் எடுத்தார். அதன்பின் ஏறத்தாழ 12 ஆண்டுகள் மட்டுமே தீவிரமாகப் படம் எடுத்தார். அக்குறுகிய காலத்தில் அவர் எடுத்த படங்களுள் 1,200-க்கும் மேற்பட்டவை இன்று அறியப்பட்டுள்ளன. கவிஞர் டென்னிசன், அறிவியலாளர்கள் சார்லஸ் டார்வின், ஜான் ஹெர்ஷல், வரலாற்றாசிரியர் தாமஸ் கார்லைல் முதலியோரின் முகங்களை உலகம் நினைவில் வைத்திருப்பதற்கு இவருடைய படங்களும் ஒரு காரணம் ஆகும்.

துல்லியமே ஒளிப்படத்தின் சிறப்பு என்று கருதப்பட்ட காலத்தில், இவருடைய படங்கள் மங்கலாகவும் கறைகளுடனும் இருந்தன. இதனால் ஒளிப்படத் தொழில் அறியாதவர் என்று சமகால ஒளிப்பட இதழ்கள் இவரைக் கண்டித்தன. அம்மங்கலான பார்வையே இவருடைய கலையின் அடிப்படை என்பதைப் பிற்காலம் ஏற்றுக்கொண்டது. இவர் தமது இறுதிக் காலத்தை இலங்கையில் கழித்து, அங்கேயே காலமானார்.

பிறப்பும் கல்வியும்

கேமரனின் தந்தை ஜேம்ஸ் பாட்டில் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் அலுவலர். தாய் அடெலின் பிரெஞ்சுப் பிரபு குடும்பத்தைச் சேர்ந்தவர். இவர்களுடைய பிள்ளைகளுள் ஏழு பெண்கள் வளர்ந்து பெரியவர்களாயினர். பாட்டில் சகோதரிகள் என்று அழைக்கப்பட்ட இவர்களுள் பலர் அழகுக்காகப் பெயர் பெற்றவர்கள். ஜூலியா அழகி என்று கருதப்படவில்லை. ஆனால் அறிவுக்கூர்மையாலும் ஓயாத சுறுசுறுப்பாலும் அவர் தனித்து அறியப்பட்டார்.

அக்கால வழக்கப்படி பாட்டில் குடும்பத்துப் பெண்கள் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டனர். ஜூலியா பெரும்பாலும் பிரான்சில், தாய்வழிப் பாட்டியின் பொறுப்பில் கல்வி கற்று, 1834 இல் இந்தியாவுக்குத் திரும்பினார். பின்னர் உடல்நலம் குன்றியதால், 1836 இல் ஓய்வுக்காக ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அங்கு நேர்ந்த இரண்டு சந்திப்புகள் அவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்தன. ஒருவர், தென்வானத்து விண்மீன்களை ஆராய்வதற்காக அங்கு தங்கியிருந்த வானியலாளர் ஜான் ஹெர்ஷல். மற்றவர், பின்னாளில் அவருடைய கணவரான சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரன்.

திருமணமும் கல்கத்தா வாழ்க்கையும்

ஜூலியாவும் சார்லஸ் ஹே கேமரனும் 1838 இல் கல்கத்தாவில் திருமணம் செய்துகொண்டனர். சார்லஸ் 1795 இல் பிறந்தவர். மனைவியைவிட இருபது வயது மூத்தவர். இலங்கை வரலாற்றில் கோல்புரூக் - கேமரன் சீர்திருத்தங்கள் என்று அறியப்படுபவை இவருடைய பெயரைத் தாங்கியவை. 1833 இல் நடைமுறைக்கு வந்த அச்சீர்திருத்தங்களுள், தீவு முழுவதற்குமான ஒரே நிருவாக அமைப்பும் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையின் ஒழிப்பும் அடங்கும். இலங்கையின் மீது பற்றுக்கொண்ட சார்லஸ் அங்கு பெரும் காணிகளை வாங்கினார். இந்தியாவில் சட்ட ஆணையத்திலும், பின்னர் தலைமை ஆளுநரின் ஆட்சிக்குழுவிலும் உறுப்பினராகப் பணியாற்றினார்.

கல்கத்தாவில் ஜூலியா ஆங்கிலேயச் சமூகத்தின் முன்னணிப் பெண்மணியாக விளங்கினார். 1840களில் அயர்லாந்தில் கொடும் பஞ்சம் ஏற்பட்டபோது, நிவாரணத்துக்காக இந்தியாவில் நிதி திரட்டினார். 1847 இல் பியூர்கர் என்னும் ஜெர்மானியக் கவிஞரின் கதைப்பாடல் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்.

ஒளிப்படக் கலையைப் பற்றி அவர் அறிந்ததும் இக்காலத்திலேயாகும். 1839 இல் இக்கலையின் கண்டுபிடிப்பு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஒளிப்படத்தை நிலைநிறுத்தும் வேதிப்பொருளைக் கண்டறிந்தவரும், நெகட்டிவ், பாசிட்டிவ் ஆகிய சொற்களை ஒளிப்படத் துறையில் வழக்குக்குக் கொண்டுவந்தவரும் ஹெர்ஷலே ஆவார். அவர் தொடக்ககால ஒளிப்படங்கள் சிலவற்றை 1842 இல் கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தார். ஜூலியா முதன்முதலாகப் பார்த்த ஒளிப்படங்கள் அவையே. ஆயினும் அவர் தாமே படம் எடுப்பதற்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

இங்கிலாந்தில் குடியேற்றம்

சார்லஸ் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 1848 இல் கேமரன் குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது. ஜூலியாவின் சகோதரி சாரா பிரின்செப், இலண்டனில் லிட்டில் ஹாலண்ட் ஹவுஸ் என்னும் இல்லத்தில் கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் வரவேற்று விருந்தோம்பி வந்தார். ஓவியர் ஜார்ஜ் பிரெடெரிக் வாட்ஸ் அவ்வில்லத்திலேயே தங்கியிருந்தார். கேமரன் பின்னாளில் படம் எடுத்த பெரியோர்கள் பலருடன் அவருக்கு நட்பு ஏற்பட்டது இச்சூழலில்தான்.

1860 இல் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வைட் தீவில், ஃபிரெஷ்வாட்டர் என்னும் ஊரில் கேமரன் இரண்டு வீடுகளை வாங்கி ஒன்றாக இணைத்தார். இலங்கையில் தம் குடும்பத்துக்கு இருந்த தோட்டத்தின் நினைவாக அதற்கு டிம்போலா என்று பெயரிட்டார். கவிஞர் டென்னிசன் அருகிலேயே வசித்தார். கேமரனுக்கு ஐந்து ஆண்மக்களும் ஒரு மகளும் பிறந்தனர். இவர்களைத் தவிர, ஆதரவற்ற உறவினர் பிள்ளைகளையும் அவர் தம் வீட்டில் வளர்த்தார்.

ஒளிப்படக்கருவி

1863 ஆம் ஆண்டின் இறுதியில் டிம்போலா இல்லம் வெறிச்சோடியிருந்தது. கணவர் தோட்டங்களைக் கவனிப்பதற்காக இலங்கை சென்றிருந்தார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். தாயின் தனிமையைப் போக்கும் பொழுதுபோக்காக, மகள் ஜூலியாவும் மருமகன் சார்லஸ் நார்மனும் ஓர் ஒளிப்படக்கருவியைப் பரிசளித்தனர்.

அதற்கு முன் பிறர் எடுத்த படங்களைத் தொகுத்து வைப்பதில் கேமரனுக்கு ஆர்வம் இருந்தது. ஆனால் கருவியை எங்கே வைப்பது, காட்சியை எவ்வாறு குவிப்பது என்பவற்றையெல்லாம் அவர் தாமே முயன்று கற்க வேண்டியிருந்தது. நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக மாற்றினார். கோழிகளை விடுவித்துவிட்டு, கண்ணாடிச் சாளரங்கள் கொண்ட கோழிக்கூண்டு வீட்டைப் படப்பிடிப்புக் கூடமாக்கினார். ஊர் விவசாயி ஒருவரை அமரவைத்து எடுத்த முதற்படத்தை, கண்ணாடித் தகட்டின் ஈரமான பக்கத்தைக் கையால் தேய்த்துத் தாமே அழித்துவிட்டார்.

1864 ஜனவரி இறுதியில் ஆனி ஃபில்பாட் என்னும் சிறுமியின் படம் திருத்தமாக அமைந்தது. மேலங்கி அணிந்த அச்சிறுமி, கருவியைப் பாராமல் பக்கவாட்டில் நோக்கியிருக்கிறாள். கேமரன் அன்றே அப்படத்தை அச்சிட்டு, சட்டமிட்டு, சிறுமியின் தந்தையிடம் அளித்தார். இதைத் தமது முதல் வெற்றி என்று அவர் குறித்து வைத்தார்.

ஈரக் கொலோடியன் முறை

கேமரன் பயன்படுத்திய ஈரக் கொலோடியன் முறை மிகுந்த உழைப்பை வேண்டுவது. முதலில் கண்ணாடித் தகடு ஒன்றைத் தூசியின்றித் துடைத்து, அதன்மீது கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான திரவத்தைச் சீராகப் பரவச் செய்ய வேண்டும். பின்னர் இருட்டறையில் அத்தகட்டைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் அமிழ்த்தினால் அது ஒளியுணர்வு பெறும். தகட்டின் ஈரம் காய்வதற்குள், அதாவது சுமார் பத்து நிமிடங்களுக்குள், படத்தை எடுத்து உருத்துலக்கவும் வேண்டும். காய்ந்துவிட்டால் தகடு ஒளியுணர்வை இழந்துவிடும்.

இவ்வாறு கிடைத்த நெகட்டிவை, முட்டை வெண்கரு பூசிய தாளுடன் சேர்த்து வெயிலில் வைத்து அச்செடுப்பர். அக்காலத்தில் படங்களைப் பெரிதாக்கி அச்சிடுவது அரிது. ஆகவே பெரிய படம் வேண்டுமாயின், அதே அளவுக்குப் பெரிய கண்ணாடித் தகட்டைக் கையாள வேண்டும். கேமரனின் முதற்கருவியின் தகடு சுமார் 11 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் கொண்டது. 1866 முதல் 15 அங்குலத்துக்கு 12 அங்குலத் தகடுகளைப் பயன்படுத்தினார். சில்வர் நைட்ரேட் பட்ட இடமெல்லாம் கருமையாகும். அவருடைய விரல்களிலும் உடைகளிலும் வீட்டு மேசைவிரிப்புகளிலும் அக்கறை படிந்திருந்தது.

கேமரன் தொழில்முறை உதவியாளர் எவரையும் வைத்துக்கொள்ளாமல் பெரும்பாலான வேலைகளைத் தாமே செய்தார். வீட்டுப் பணிப்பெண்கள் துணைபுரிந்தனர். படத்துக்கு அமர்பவர் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். எனவே அவர் முன் அமர்வது ஒரு தண்டனை என்று நண்பர்கள் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

குவியம் பற்றிய சர்ச்சை

1860களில் ஒளிப்படம் பெரும் வணிகமாக வளர்ந்திருந்தது. முகவரி அட்டை அளவிலான சிறு உருவப்படங்கள் ஆயிரக்கணக்கில் விற்பனையாயின. அவற்றில் மனிதர்கள் தூண், திரைச்சீலை ஆகியவற்றின் நடுவே முழு உருவமாக நின்றனர். உடையின் பொத்தான் வரை அனைத்தும் தெளிவாகத் தெரிவதே நல்ல படத்துக்கு இலக்கணமாகக் கருதப்பட்டது.

கேமரனின் படங்கள் இவற்றுக்கு நேர்மாறானவை. பின்னணி இருளில் மறைய, முகம் மட்டும் தகட்டை நிறைத்தது. ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுந்தது. கண் தெளிவாக இருந்தால் காது மங்கியிருக்கும். இதற்குப் பொறிமுறைக் காரணங்கள் உண்டு. பெரிய தகட்டுக்கு ஒளி போதுமானதாக இருப்பதற்காக, வில்லையின் திறப்பு அகலமாக வைக்கப்பட்டது. திறப்பு அகலமாகவும் அமர்பவர் மிக அருகிலும் இருந்தால், தெளிவாகப் பதியும் ஆழம் மிகக் குறைவாக இருக்கும். மேலும் கொலோடியன் தகடு நீலம், ஊதா ஆகிய ஒளிகளையே பெரிதும் உணரும். முதல் வில்லையில் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் குவியமும் இவ்வொளிகளின் குவியமும் ஒரே இடத்தில் அமையவில்லை. போதாததற்கு, நீண்ட நேரம் அமர்ந்திருப்பவர் சிறிதேனும் அசையவே செய்வார்.

தொடக்கத்தில் மங்கலான படங்கள் தற்செயலாகவே கிடைத்தன என்பதைக் கேமரனே பின்னர் எழுதியுள்ளார். ஆனால் அவர் அத்தற்செயலிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டார். வில்லையைத் திருப்பிக்கொண்டே வரும்போது, காட்சி தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடத்திலேயே நிறுத்திவிட்டார். பிற ஒளிப்படக்காரர்களைப் போல மேலும் திருப்பித் துல்லியத்தைத் தேடவில்லை. கருவியின் அளவுகோலை விட்டுக் கண்ணின் அளவுகோலை ஏற்றது இங்குதான். 1864 இறுதியில் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில், முறையான குவியம் எது என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உள்ளது என்னும் வினாவை அவர் எழுப்பினார்.

1864 இல் கேமரன் இலண்டன் ஒளிப்படச் சங்கத்தின் உறுப்பினரானார். அதன் கண்காட்சிகளில் வைக்கப்பட்ட படங்களை ஒளிப்பட இதழ்கள் கடுமையாக விமர்சித்தன. மங்கலோடு, தகட்டில் இருந்த கீறல்கள், விரற்பதிவுகள், கரைசல் வழிந்த கோடுகள் ஆகியனவும் குறைகளாகச் சுட்டப்பட்டன. ஓவியர்களும் கலை விமர்சகர்கள் சிலரும் அவரைப் பாராட்டினர். பெர்லின் கண்காட்சியில் 1865 இல் வெண்கலப் பதக்கமும் 1866 இல் தங்கப் பதக்கமும் அவருக்குக் கிடைத்தன.

குறைகள் அனைத்தையும் அவர் விரும்பி ஏற்றார் என்று கூற இயலாது. 1860களின் பிற்பகுதியில் அவருடைய நெகட்டிவ்கள் சிலவற்றில் கொலோடியன் படலம் வெடித்துப் படங்கள் அழியத் தொடங்கின. இதனால் மனம் வருந்திய அவர், 1869 இல் ஒளிப்படச் சங்கத்தின் ஆலோசனையை நாடினார். குவியம் அவருடைய தேர்வு. வெடிப்பு அவருக்கு நேர்ந்த இழப்பு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதே அவருடைய விமர்சகர்கள் செய்த தவறு எனலாம்.

உருவப்படங்கள்

அறிஞர்களின் உருவப்படங்களே கேமரனின் படைப்புகளுள் மிகுதியும் அறியப்பட்டவை. டென்னிசனை அவர் பலமுறை படம் எடுத்தார். 1865 இல் எடுத்த ஒன்றில், கவிஞர் கலைந்த தலைமுடியுடன் புத்தகத்தைக் கையில் ஏந்தி, தொலைவில் எதையோ நோக்குகிறார். அழுக்குத் துறவி என்று டென்னிசனே அப்படத்துக்கு வேடிக்கையாகப் பெயரிட்டார்.

1867 இல் கேமரன் கருவிகளுடன் ஹெர்ஷலின் இல்லத்துக்கே சென்று அவரைப் படம் எடுத்தார். எழுபது வயதைக் கடந்த அவ்வானியலாளரின் வெண்முடியைக் கழுவிக் கலைந்திருக்கச் செய்தார் என்று கூறப்படுகிறது. இருளிலிருந்து மேலெழும் அம்முகத்தில் வெண்முடி ஒளிவட்டமாகத் தெரிகிறது. ஒளியின் இயல்பை ஆராய்ந்தவரும், கேமரனுக்கு ஒளிப்படத்தை அறிமுகம் செய்தவருமான ஹெர்ஷலை ஒளியாலேயே வரைந்த படம் என்று இதைக் கூறலாம். அதே ஆண்டில் கார்லைலின் படத்தையும் எடுத்தார். அதில் தெளிவான கோடு எதுவும் இல்லை. எனினும் அவருடைய கடுமையும் அமைதியின்மையும் அம்மங்கலிலேயே வெளிப்படுகின்றன.

1868 கோடையில் டார்வினின் குடும்பம் ஃபிரெஷ்வாட்டரில், கேமரனுக்குச் சொந்தமான வீடொன்றில் தங்கியிருந்தது. அப்போது எடுக்கப்பட்ட பக்கவாட்டு முகப்படத்தை, தம்மை எடுத்த ஒளிப்படங்களுள் தமக்கு மிகவும் பிடித்தது என்று டார்வின் எழுதிக் கொடுத்தார்.

பெண்களும் பணிப்பெண்களும்

புகழ்பெற்ற ஆண்களை அவரவர் பெயரிலேயே படம் எடுத்த கேமரன், பெண்களைப் பெரும்பாலும் வேறு பாத்திரங்களாகக் காட்டினார். விவிலியம், கிரேக்கப் புராணம், ஆங்கிலக் காவியங்கள் ஆகியவற்றிலிருந்து அப்பாத்திரங்களை எடுத்துக்கொண்டார். பணிப்பெண் மேரி ஹில்லியர், மாதா வேடத்தில் பலமுறை அமர்ந்ததால் ஊராரால் மேரி மடோனா என்றே அழைக்கப்பட்டார்.

மற்றொரு பணிப்பெண்ணான மேரி ரையன், தாயுடன் தெருவில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த அயர்லாந்துச் சிறுமி. கேமரன் அவரைத் தம் வீட்டில் சேர்த்துக் கல்வி அளித்தார். கண்காட்சி ஒன்றில் அவருடைய படத்தைக் கண்ட ஹென்றி காட்டன் என்னும் இளைஞர் அவரை விரும்பினார். 1867 இல் இருவருக்கும் திருமணம் நடைபெற்றது. இந்திய ஆட்சிப் பணியில் இருந்த காட்டன், இந்தியர்களின் உரிமைக்காகக் குரல்கொடுத்தவர். 1904 இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவராக விளங்கினார்.

பெண்களுள் வேடமின்றித் தம் முகத்துடனேயே தோன்றுபவர் கேமரனின் உடன்பிறந்தாள் மகளான ஜூலியா ஜாக்சன். 1867 இல் எடுக்கப்பட்ட படத்தில், பாதி முகம் ஒளியிலும் பாதி நிழலிலும் இருக்க, அவர் கருவியை நேராக நோக்குகிறார். எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப், ஓவியர் வனெசா பெல் ஆகியோரின் தாய் இவரே.

வருவாய் முயற்சிகள்

கேமரன் ஒளிப்படத்தைப் பொழுதுபோக்காக மட்டும் கொள்ளவில்லை. தமது படங்களுள் 500-க்கும் மேற்பட்டவற்றை அவர் பதிப்புரிமைக்காகப் பதிவு செய்தார். இலண்டனில் கோல்னாகி என்னும் கலைப்பொருள் நிறுவனத்தின் வழியாக அவற்றை விற்றார். புகழ்பெற்றோரின் படங்களில் அவர்களுடைய கையொப்பத்தைப் பெற்று, விலையை உயர்த்தினார்.

தெற்குக் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஹென்றி கோல், 1865 இல் கேமரனின் படங்களை விலைக்கு வாங்கிக் காட்சிக்கு வைத்தார். இது பின்னாளில் விக்டோரியா மற்றும் ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப் பெயர் மாறியது. 1868 இல் அங்கு இரண்டு அறைகள் அவருக்குப் படப்பிடிப்புக் கூடமாக ஒதுக்கப்பட்டன. எனினும் செலவு வரவை விஞ்சியது. 1869 இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைநோய் தோன்றிப் பரவியது. குடும்ப வருவாயின் ஆதாரமே இதனால் ஆட்டம் கண்டது. 1873 இல், அவருக்கு ஒளிப்படக்கருவியைப் பரிசளித்த மகள் ஜூலியா மகப்பேற்றின்போது இறந்தார்.

1874 இல் டென்னிசனின் வேண்டுகோளின்படி, ஆர்தர் மன்னனைப் பற்றிய அவருடைய கவிதைகளுக்குக் கேமரன் படங்களை எடுத்தார். கணவர் சார்லஸ் மெர்லின் என்னும் மந்திரவாதியாகத் தோன்றினார். டென்னிசனின் நூலில் இப்படங்கள் சிறிய மரச்செதுக்குப் படங்களாகவே இடம்பெற்றன. அதில் நிறைவடையாத கேமரன், முழு அளவு ஒளிப்படங்களைக் கொண்ட இரண்டு தொகுதிகளைத் தாமே வெளியிட்டார். அதே 1874 இல் தமது ஒளிப்பட வாழ்க்கையைப் பற்றி எழுதத் தொடங்கிய நினைவுக்குறிப்பு முற்றுப்பெறவில்லை. அது அவருடைய மறைவுக்குப் பின் 1889 இல் வெளியாயிற்று.

இலங்கையில்

1875 அக்டோபரில் கேமரன் தம்பதியர் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். அங்கு வாழ்க்கைச் செலவு குறைவு. ஆண்மக்கள் சிலரும் அங்கேயே இருந்தனர். சார்லசும் அத்தீவுக்குத் திரும்ப விரும்பினார். தங்களுக்கான சவப்பெட்டிகளையும் உடன் கொண்டு சென்றனர் என்று கூறப்படுகிறது. மேற்குக் கரையில் உள்ள களுத்துறையிலும் மலையகத் தோட்டங்களிலும் அவர்கள் மாறி மாறி வசித்தனர்.

இலங்கையில் கேமரன் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. 1877 இல் தாவர ஓவியர் மரியான் நார்த் களுத்துறை இல்லத்துக்கு வந்து தங்கினார். நண்பகல் வெப்பத்தில் அவருக்குக் கம்பளிச் சால்வையைப் போர்த்திக் கேமரன் படம் எடுத்தார். ஒருவருடைய முதுகின் அழகைக் கண்டு வியந்த கேமரன், தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவரைத் தோட்டக்காரராக அமர்த்தச் செய்தார் என்றும் நார்த் பதிவு செய்துள்ளார்.

அக்காலத்தில் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள் பெருந்தொகையினராக உழைத்தனர். கேமரனின் இலங்கைப் படங்களில் உள்ளூர் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் காணப்படுகின்றனர். இவர்கள் அளவெடுப்பதற்காக நிறுத்தப்பட்ட இனமாதிரிகளாக அன்றி, அவருடைய ஆங்கிலப் படங்களில் உள்ளோரைப் போலவே ஆழ்ந்த பார்வையுடனும் கவனமான அமைப்புடனும் தோன்றுகின்றனர். ஆனால் இவர்களுள் பெரும்பாலோரின் பெயர்களை அவர் குறித்து வைக்கவில்லை. களுத்துறைக் குடியானவர்கள் என்பன போன்ற பொதுத் தலைப்புகளே உள்ளன. டார்வினுக்கும் ஹெர்ஷலுக்கும் பெயர் உண்டு. பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரும் எஞ்சியுள்ளது. இலங்கைத் தொழிலாளருக்கு முகம் மட்டுமே எஞ்சியது. அவர் குடியேற்ற ஆட்சி வர்க்கத்தைச் சேர்ந்தவர் என்பதும், அவருடைய குடும்பத்தின் செல்வத்துக்கு இத்தகைய தோட்டங்களே அடிப்படை என்பதும் இப்படங்களை மதிப்பிடும்போது கருதத்தக்கவை.

மறைவு

1878 இல் இங்கிலாந்துக்குச் சென்று சில காலம் தங்கிய கேமரன், மீண்டும் இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரி 26 அன்று, மலையகத்தில் டிக்கோயா பள்ளத்தாக்கில் உள்ள தோட்ட இல்லத்தில், 63 ஆவது வயதில் காலமானார். பொகவந்தலாவையில் உள்ள தூய மரியாள் ஆலயத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1880 இல் காலமான சார்லசும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தாக்கம்

கேமரனின் இளைய மகன் ஹென்றி ஹெர்ஷல் ஹே கேமரன் பின்னர் இலண்டனில் ஒளிப்படக் கலைஞராக விளங்கினார். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒளிப்படத்தை ஓவியத்துக்கு இணையான கலையாக்க முயன்றவர்கள் கேமரனைத் தம் முன்னோடியாகக் கருதினர். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ், தமது கேமரா ஒர்க் இதழில் 1913 இல் இவருடைய படங்களை வெளியிட்டார். 1926 இல் வர்ஜீனியா வூல்ஃபும் கலை விமர்சகர் ரோஜர் ஃபிரையும் எழுதிய முன்னுரைகளுடன் இவருடைய படத்தொகுப்பு ஒன்று வெளிவந்தது. 1948 இல் ஹெல்முட் கெர்ன்ஷைம் எழுதிய நூல் இவரைப் பற்றிய ஆய்வுக்கு வழிவகுத்தது. அறியப்பட்ட படங்கள் அனைத்தின் விரிவான பட்டியல் 2003 இல் வெளியாயிற்று.

1990களின் தொடக்கத்தில் டிம்போலா இல்லம் இடிக்கப்படும் நிலையில் இருந்தது. அது மீட்கப்பட்டு அருங்காட்சியகமாக்கப்பட்டது. கேமரன் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவுற்ற 2015 இல், விக்டோரியா மற்றும் ஆல்பர்ட் அருங்காட்சியகம் இவருடைய படங்களின் சிறப்புக் கண்காட்சியை நடத்தியது.

கேமரனின் காலத்தில் துல்லியமான படங்களை எடுத்த தொழில்முறை ஒளிப்படக்காரர்கள் ஏராளம். அவர்கள் எடுத்த படங்கள் மனிதரின் உடையையும் தோற்றத்தையும் தெளிவாகக் காட்டுகின்றன. கேமரன் எதைத் தெளிவாகக் காட்ட வேண்டும், எதை இருளில் விட வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்தார். காண்பது என்பது தேர்ந்தெடுப்பதும் ஆகும் என்பதை ஒளிப்படக் கலைக்கு உணர்த்தியவர்களுள் அவர் முன்னோடியாக மதிக்கப்படுகிறார்.